அளவெடுக்கும் புராஜெக்ட் செய்யப் போகும் பிள்ளைகளுக்கு

என் அப்பா தொண்டியில் வத்தை என்கிற சின்னப் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்தவர். கடலின் ஆழத்தை அவர் மீட்டரில் சொல்லி நான் கேட்டதே இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவார். தரை தட்டியதும் இரண்டு கையையும் விரித்து விரித்துக் கயிற்றை மேலே இழுப்பார். ஒரு விரிப்பு ஒரு பாகம். "நாலு பாகம் தண்ணி" என்பார். அதே இடத்தில் சித்தப்பா கல்லை இறக்கினால் "நாலேகால்" என்பார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று சின்ன வயதில் எனக்கு ஒரே குழப்பம். கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த பிறகு ஒரு பொங்கல் லீவில் டேப்பை எடுத்து இரண்டு பேர் கையையும் அளந்தேன். அப்பாவுக்கு 174 சென்டிமீட்டர், சித்தப்பாவுக்கு 165. கணக்குப் போட்டால் இருவர் சொன்னதும் ஏறக்குறைய ஏழு மீட்டர். இருவருமே சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். அலகுதான் ஆளுக்கு ஆள் வேறு.

இதை நாட்டுப்புறத்து விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உலகத்தின் கிலோகிராமே 2019 மே 20 வரைக்கும் பாரிஸ் பக்கத்தில் பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளைதான். எல்லா நாட்டு எடைக்கல்லும் கடைசியில் அந்த ஒற்றை உருளையின் கையை நம்பி இருந்தது. அன்றைக்குத்தான் அதை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்கை அளவை வைத்துக் கிலோகிராமை வரையறுத்தார்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாக இயற்பியல் எடுக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் கடைசி வருடப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். இயற்பியல் பிள்ளைகள் மட்டும் இல்லை. வேதியியல், விலங்கியல், புவியியல், பொருளியல் என்று எல்லாத் துறையிலிருந்தும் வருவார்கள். அளக்கிற வேலை என்றால் என்னிடம் அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. வருடா வருடம் அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எண், அப்புறம் தலைப்பு

"இராமநாதபுரம் கடற்கரையின் நீர்த்தரம் பற்றிய ஓர் ஆய்வு" என்று தலைப்போடு வருகிற பிள்ளையிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலை ஏழு மணிக்குக் கரையில் நிற்கிறீர்கள், கையில் நோட்டு இருக்கிறது. அதில் முதலில் எழுதப்போகிற எண் எது? அதன் அலகு என்ன? பதில் வந்தால் புராஜெக்ட் இருக்கிறது. வராவிட்டால் தலைப்பு இன்னும் பெரிதாக இருக்கிறது, சுருக்கத்தான் வேண்டும்.

"நீர்த்தரம்" என்பதைச் சுருக்கினால், ஓர் ஊரின் பத்துக் கிணறுகளில் தண்ணீரின் மின்கடத்துதிறன் கடலிலிருந்து விலக விலக எப்படி மாறுகிறது என்று வரும். "கடல் அரிப்பு" சுருங்கினால், இந்த இரண்டு பனைமரத்துக்கும் நீர்க்கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம் மூன்று மாதத்தில் எவ்வளவு மாறியது என்றாகும். "மீனவர் வாழ்வாதாரம்" என்று வருகிற பொருளியல் பிள்ளைகளுக்கு, "மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள் என்பேன். அதற்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. மீன்பாடு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. "நேற்று எத்தனை கூடை, கிலோ என்ன விலைக்குப் போனது, டீசலுக்கும் ஐஸுக்கும் எவ்வளவு" என்று கேட்டால் பளிச்சென்று சொல்வார்கள். அந்தக் கூடையையும் ஒரு தடவை நீங்களே எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கரைக் கூடையும் அடுத்த கரைக் கூடையும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் மொத்தமும் போய்விடும்.

காலத்தையும் இடத்தையும் பார்த்துத்தான் தலைப்பை முடிவு செய்ய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. மீனை அளக்கிற புராஜெக்ட் என்றால் மார்ச் முடிவதற்குள் அளந்து முடித்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் வாரத்தின் எல்லா நாளும் விசைப்படகு போவதில்லை, எந்தெந்த நாள் படகு கரைக்கு வரும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றுமே தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. பவளத்தையும் கடல் அட்டையையும் கரை ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வராதீர்கள், அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அனுமதிக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தே செமஸ்டர் முடிந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாத வேலைக்கு ஜெட்டி, கிணறு, உப்பளம், கண்மாய்க்கரை, ஏலக்கூடம் இவையே தாராளம்.

கருவியோடு முதலில் பழகுங்கள்

சில வருடங்களுக்கு முன் வேதியியல் மாணவிகள் இருவர் திருப்புல்லாணிப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுகிற டி.டி.எஸ் மீட்டர் ஆளுக்கொன்று, ஆன்லைனில் வாங்கியது. ஒரே வாளியில் இரண்டையும் முக்கினால் ஒன்று 1600 காட்டுகிறது, மற்றது 2240. குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை போகலாம். ஆக ஒரு மீட்டர் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது. எந்த மீட்டர் கெட்டுப்போனது என்று இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது.

இரண்டுமே கெடவில்லை. இந்த மீட்டர் எதுவும் உப்பை நேரடியாக எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்க்கிறது, அந்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கி உப்பு இவ்வளவு என்று காட்டுகிறது. சில மீட்டரில் அந்தக் காரணி 0.5, சிலவற்றில் 0.7. அந்தக் கிணற்றுத் தண்ணீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 3200 மைக்ரோசீமென்ஸ். 0.5-ஆல் பெருக்கினால் 1600, 0.7-ஆல் பெருக்கினால் 2240. மீட்டரின் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பல மாடல்களில் மின்கடத்துதிறனையே காட்டும். அந்த எண்ணைத்தான் நோட்டில் எழுத வேண்டும். உப்பின் அளவாக மாற்றுவது பிற்பாடு, எந்தக் காரணியால் மாற்றினோம் என்று சொல்லிவிட்டு.

மீட்டரைச் சரிபார்க்கக் கடைக்குப் போக வேண்டாம். ஆய்வகத்தில் நன்றாக உலர்ந்த பொட்டாசியம் குளோரைடு 0.7455 கிராமை வடிநீரில் கரைத்துச் சரியாக ஒரு லிட்டர் ஆக்குங்கள். 25 டிகிரி செல்சியஸில் அதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ். மீட்டர் 1380 காட்டினால் 1380 என்று எழுதிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் அன்றைய ரீடிங் முழுவதும் சந்தேகம். அப்புறம், தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். மதிய வெயிலில் பஸ்ஸில் கிடந்த பாட்டிலை அப்படியே அளக்கக்கூடாது. மீட்டர் தானாக வெப்பத்தைச் சரிக்கட்டும் என்று அட்டையில் போட்டிருந்தாலும், அதன் முனை தண்ணீரின் சூட்டுக்கு வர ஒரு நிமிடமாவது கொடுங்கள்.

எல்லாக் கருவிக்கும் இதே கதைதான். தராசின் மேல் எதுவும் வைக்காதபோது என்ன காட்டுகிறது? டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறதா? போனில் உள்ள ஜிபிஎஸ் திறந்த வெளியில்கூடச் சில மீட்டர் தள்ளிக் காட்டும். மூன்று மாதத்தில் கரை இரண்டு மீட்டர் நகர்ந்ததை அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் பனைமரமும் டேப்பும். 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். சங்கிலி வெயிலில் எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார். இந்தியாவின் பெரிய நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. எனக்கு அந்த 57 நாள் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஜெட்டியில் ஒரு குழாய்

இந்தக் கரையில் செய்வதற்கு எனக்கு மிகவும் பிடித்த புராஜெக்ட் கடல்மட்டம் ஏறி இறங்குவதை அளப்பது. செலவு குறைவு, இயற்பியல், புவியியல், கணிதம் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

நம் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அலையோ நிமிடத்துக்குப் பத்துத் தடவை ஜெட்டித் தூணில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தூணில் ஸ்கேலைக் கட்டிப் பார்த்தால் எதை எழுதுவது என்று கை திகைத்து நிற்கும். அதற்கு வழி ஒரு பிவிசி குழாய். நாலு அங்குலக் குழாய் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமாக எடுத்து அடிப்பக்கம் மூடி போட்டு ஒட்டிவிடுங்கள். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரே ஓர் ஓட்டை. குழாயைத் தூணோடு சேர்த்து நைலான் கயிற்றால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள், ஓட்டை எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். உள்ளே தெர்மாகோல் மிதவை ஒன்று, அதன் நடுவில் மெல்லிய மூங்கில் குச்சி. குச்சியின் மேல்நுனி குழாயின் வாய்க்கு மேலே எட்டிப் பார்க்கும். பக்கத்தில் ஒரு ஸ்கேல். அலை வந்து போகும் வேகத்துக்கு அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து வெளியேற முடியாது. மெதுவாக ஏறுகிற ஓதம் மட்டும் உள்ளே தெரியும். வெளியே தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்க, உள்ளே குச்சி அமைதியாக நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அதற்காகவே இந்தப் புராஜெக்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறேன்.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறு வரையாவது விடாமல் இருக்க வேண்டும், கால் மணிக்கு ஒரு ரீடிங். நாலு பேர் குழு என்றால் முறை போட்டுக்கொள்ளலாம். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி ஒரு நாள், அட்டமியை ஒட்டி ஒரு நாள் எடுத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வரைபடத்தில் அழகாக வந்துவிடும். காற்றையும் எழுதுங்கள். வாடையா, கச்சானா, சோழகமா, பலமா மெதுவா. காற்றும் தண்ணீரைத் தள்ளும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிற நாளில் கரைக்கே போக வேண்டாம். அன்றைக்குக் காற்றழுத்தம் இறங்குவதாலும் கடல்மட்டம் ஏறும், ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அதை வேறு நாள் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வருடம் இதில் பெரிய அடி விழுந்தது. முதல் நாள் ரீடிங் அருமையாக வந்தது. ராத்திரி ஏதோ ஒரு படகு இடித்து, குழாய் சற்றே கீழே இறங்கிவிட்டது. எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயின் வாய்க்கும் ஜெட்டிக்கும் எந்த அடையாளமும் நாங்கள் வைக்கவில்லை. அந்த வருடம் எடுத்த இரண்டு நாள் ரீடிங்கை ஒரே வரைபடத்தில் போட முடியாமலே போனது. குழாயைக் கட்டிய கையோடு ஜெட்டியின் காரைத்தளத்தில் பெயின்ட்டால் ஒரு குறி போட வேண்டும் என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். குறியிலிருந்து குழாயின் வாய் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒவ்வொரு நாளும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளந்து எழுதுங்கள். குழாய் போனாலும் குறி இருக்கும். அடுத்த வருடம் வருகிற பிள்ளைகளும் அதே குறியிலிருந்து அளக்கலாம்.

9.78

இது என் சொந்தக் கதை. இளங்கலை படிக்கும்போது தனி ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கும் சோதனையில் எனக்கு 9.78 வந்தது. புத்தகத்தில் 9.81. ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து, அலைவு நேரத்தில் ஒரு இலக்கத்தை மாற்றி 9.81 வரும்படி ரெகார்டு நோட்டில் எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. பல வருடம் கழித்து, அதே சோதனையை நான் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பூமத்திய ரேகையில் இந்த மதிப்பு 9.780, துருவத்தில் 9.832. 9.81 என்பது லண்டன், பாரிஸ் பக்கத்து மதிப்பு. நம் இராமநாதபுரம் ஒன்பதரை டிகிரி வட அட்சரேகைக்குக் கீழே, பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருக்கிறது. இங்கே 9.782-தான். என் கையில் இருந்த சரியான விடையை நானே அழித்திருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

அதனால் சொல்கிறேன், வந்த எண்ணை மாற்றாதீர்கள். எண் வேறாக வந்தால் அது ஏன் வேறு என்று தேடுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று எழுதுங்கள்.

இந்தச் சோதனையையே ஒழுங்காகச் செய்தால் நல்ல புராஜெக்ட் ஆகும். நூலின் நீளம் ஒரு மீட்டர், தொங்கவிட்ட இடத்திலிருந்து குண்டின் நடு வரைக்கும். ஐந்து டிகிரிக்குள் மெதுவாக ஆட்ட வேண்டும். பத்து டிகிரிக்கு இழுத்து விட்டால் அதனாலேயே விடை 0.4 சதவீதம் குறைந்துவிடும். ஒரே ஒரு அலைவை அளந்தால் கை தாமதிக்கிற நேரமே பெரிய பிழையாகிவிடும், அதனால் 50 அலைவுக்குச் சேர்த்து நேரம் பாருங்கள். ஐந்து தடவை எடுத்ததில் 100.41, 100.52, 100.38, 100.47, 100.44 விநாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 100.444. திட்ட விலக்கம் 0.054. சராசரியின் நிச்சயமின்மைக்கு அதை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், 0.024 விநாடி வருகிறது. நூறு விநாடியில் இது 0.024 சதவீதம்தான். சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால் இரண்டால் பெருக்கி 0.048 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தை ஒரு மில்லிமீட்டர் வரை அளக்க முடிந்தது என்றால் அது 0.1 சதவீதம். இரண்டையும் இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.11 சதவீதம். விடை 9.78 ± 0.01 மீ/வி². கால்குலேட்டர் 9.782543 என்று காட்டும், அத்தனை இலக்கத்தையும் எழுதக்கூடாது. நாம் அளந்தது அவ்வளவு நுணுக்கமாக இல்லை.

அந்த ± 0.01 இருப்பதால்தான் 9.81 நம் ஊர் மதிப்பு இல்லை என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. அது இல்லாவிட்டால் 9.78-ம் 9.81-ம் ஒன்றுதானே என்று யாரும் கேட்டுவிடலாம். இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிழையில் பெரும்பங்கு நூலின் நீளத்தால் வருகிறது. விலை கூடிய ஸ்டாப்வாட்ச் வாங்கி ஒரு பயனும் இல்லை, நீளத்தை நன்றாக அளக்க வழி பாருங்கள். எந்தத் துறையாக இருந்தாலும் பணத்தையும் நேரத்தையும் எங்கே போடுவது என்பதை இந்தக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்.

காரலின் வாய்

விலங்கியல் பிள்ளைகள் மீனின் நீளத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை எடுப்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் காரல் நிறையக் கிடைக்கும், மலிவு. ஆனால் நீளம் என்றால் எந்த நீளம்? மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை மொத்த நீளம். வாலின் கவட்டை வரை ஒன்று. வால்துடுப்பு தொடங்குகிற இடம் வரை இன்னொன்று. ஒருவர் ஒன்றையும் மற்றவர் வேறொன்றையும் அளந்து ஒரே அட்டவணையில் போட்டால் அதை யாராலும் மீட்க முடியாது. காரலில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அதன் வாய் குழாய் மாதிரி வெளியே நீளும். செத்த மீனில் சிலது வாயை நீட்டிக்கொண்டு கிடக்கும், சிலது மூடிக்கொண்டு கிடக்கும். பத்து சென்டிமீட்டர் மீனில் வாயால் இரண்டு மில்லிமீட்டர் கூடினால் நீளத்தில் 2 சதவீதம். எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடிக்கு ஏற்பப் போவதால், கணக்கில் அது 6 சதவீதம் ஆகிவிடும். விரலால் வாயை மெல்ல உள்ளே தள்ளி மூடிவிட்டு அளக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஏலக்கூடத்தில் மீன் தரம் பிரிக்கும் ஓர் அக்கா. எந்தக் கையேட்டிலும் தேடாமல் அவரிடம் கேட்டதால் தெரிந்தது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் இருபது மீனை வரிசையாக வையுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். ஒருவர் எப்போதும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டியே எழுதுகிறார் என்றால் அது தெரிந்துவிடும், பேசிச் சரிசெய்துவிடலாம். கண்மாயில் பறவை எண்ணுகிறவர்களுக்கும் இதே முறைதான். ஒரே கரையில், ஒரே நேரத்தில், இரண்டு பேர், பேசாமல். மீனைக் காசு கொடுத்து வாங்குங்கள், ஏலம் நடக்கும்போது நடுவில் போய் நிற்காதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

உப்பளத்திலும் அப்படித்தான். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் சொல்வார்கள். அது பாமே டிகிரி. கடல்நீர் மூன்று, மூன்றரை இருக்கும். 25 ஆனால் உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30-க்குப் போனால் மிஞ்சியது கசப்பு நீர், அதை வடித்துவிட வேண்டும். பல வருட அனுபவம் உள்ளவர் பாத்தியைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். அவரை முதலில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், அதன் பிறகு அடர்த்திமானியை முக்கிப் பாருங்கள். முப்பது பாத்தியில் இப்படிச் செய்தால் புள்ளியியல் பிள்ளைகளுக்கும் உளவியல் பிள்ளைகளுக்கும் நல்ல புராஜெக்ட் கிடைத்துவிடும். மதியத்துக்கு முன் போய்விடுங்கள், உப்பில் பட்டு வருகிற வெயில் கண்ணைப் பறிக்கும்.

நோட்டும் ரிப்போர்ட்டும்

கரைக்குப் பென்சில் கொண்டு போங்கள். உப்புத்தண்ணீர் பட்டால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும். கட்டம் போட்ட நீள நோட்டு, பக்க எண் முன்பே போட்டது. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் தேதி, இடம், யார் அளந்தது, யார் எழுதியது, எந்தக் கருவி. ரீடிங்கின் பக்கத்தில் நேரம். தப்பாக எழுதிவிட்டால் ரப்பரால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அடித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும், பிற்பாடு அதுவே சரியாக இருக்கக்கூடும். அறைக்கு வந்து அழகாக வேறு நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று ரஃப் பேப்பரில் கிறுக்காதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். நோட்டு கடலில் விழுந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் முன்னுரைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்க வேண்டாம், இரண்டு போதும். எப்படி அளந்தீர்கள் என்பதற்கு இடம் கொடுங்கள். உங்களைத் தெரியாத ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு அதே ஜெட்டிக்குப் போய் அதையே செய்ய முடிய வேண்டும். குழாயின் விட்டம், ஓட்டையின் அளவு, பெயின்ட் குறி இருக்கும் தூண் எது என்பது வரை வேண்டும். என்ன தப்பு நடந்தது என்று ஒரு பகுதி கட்டாயம் எழுதச் சொல்வேன். சில கைடுகள் அதை எடுத்துவிடச் சொல்வார்கள். மரியாதையாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வைவாவில் "இந்த எண்ணை நான் ஏன் நம்ப வேண்டும்" என்று வெளியிலிருந்து வந்தவர் கேட்டால் அந்தப் பகுதிதான் உங்களைக் காப்பாற்றும். செலவுக்குப் பணம் வேண்டுமானால் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் புராஜெக்ட்டுக்கு உதவித்தொகை தருகிறது, துறைத்தலைவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அறிவிப்பு வரும் காலத்தைத் தவறவிடாதீர்கள். கடலைப் பற்றிச் சந்தேகம் என்றால் தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. முன்பே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எல்லாம் முடிந்ததும் குழாயைக் கழற்றிக் கயிற்றோடு எடுத்து வந்துவிடுங்கள். ஜெட்டியில் நம் குப்பை எதுவும் கிடக்கக் கூடாது. எடுத்த அளவை, உதவி செய்தவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். போன வருடக் குழு கடல்மட்ட வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, ரீடிங் எடுத்த நாளெல்லாம் தங்களுக்கு டீ கொடுத்த கடையின் சுவரில் ஒட்டினார்கள். மறுநாள் காலை வத்தைக்காரர்கள் நாலைந்து பேர் அதைச் சுற்றி நின்று, விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வயதான ஒருவர் என்னைப் பார்த்ததும், "எல்லாம் சரிதான் டீச்சர். வாடை பலமா அடிச்ச அன்னைக்குத் தண்ணி இதைவிட ஏறுமே, அன்னைக்கு ஏன் அளக்கல?" என்று கேட்டார். இந்த வருடப் பிள்ளைகள் நாலு பேர் அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். குழாய் கட்டியாகிவிட்டது, குறியும் போட்டாயிற்று. வாடைக்குக் காத்திருக்கிறோம்.